மலைப்பாதையில் குழுவாக ஒரு நாள் நெடுந்தூர சைக்கிள் பயணம்: முழுமையான வழிகாட்டி

தனியாக 80, 90 கிலோமீட்டர் சர்வசாதாரணமாக ஓட்டுகிறவர்கள்கூட, முதல்முறை ஒரு குழுவோடு மலையேறும்போது திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கால் வலு காரணமாக இருப்பதில்லை. பிரிந்து போக வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள், சேர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் பிரிந்துவிடுவார்கள். சமதளத்தில் குழுவாக ஓட்டும் பழக்கத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவருவதால் வரும் வினை இது.

கணக்குக்கு ஒரு பாதையை வைத்துக்கொள்வோம்: மொத்தம் 110 கி.மீ., ஏற்றம் 1,800 மீட்டர், எட்டுப் பேர்.

1. தூரத்தை விடுங்கள், ஏற்றத்தைப் பாருங்கள்

"110 கி.மீ. தானே, போன மாதம் 120 ஓட்டினேனே" என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவு ஏற்றம் இருந்தது என்று கேளுங்கள். சமதளத்தில் 120 ஓட்டியவருக்கு 1,800 மீட்டர் ஏற்றம் முற்றிலும் வேறு வேலை.

சாய்வு 6 சதவீதம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 60 மீட்டர் உயர்கிறோம் என்று பொருள். 4, 5 சதவீதத்தில் பேசிக்கொண்டே ஏறலாம். 8 தாண்டினால் பேச்சு நின்றுவிடும். 10 தாண்டினால் புதியவர்கள் சாலையில் பாம்பு போல வளைந்து வளைந்து ஏறத் தொடங்குவார்கள். பின்னால் வரும் வண்டிக்கு அது ஆபத்து.

சராசரிச் சாய்வை நம்ப வேண்டாம். பிரான்சில் உள்ள மோன் வான்டூ மலைக்கு பெடுவான் ஊரிலிருந்து ஏறும் பாதை சுமார் 21 கி.மீ., சராசரி 7.5 சதவீதம் அளவில்தான். ஆனால் முதல் ஐந்தாறு கிலோமீட்டர் மெதுவாக ஏறும். அப்புறம் காட்டுக்குள் நுழைந்ததும் 9, 10 சதவீதம் விடாமல் வரும். முதல் பகுதியில் "இவ்வளவுதானா" என்று வேகமெடுத்தவர்கள் காட்டுக்குள் நடந்து போவார்கள். எல்லா மலைகளிலும் இந்தக் கதை ஏதோ ஒரு வடிவில் உண்டு.

அதனால் உயர வரைபடம் காட்டும் செயலியில் பாதையை ஏற்றி, 8 சதவீதத்துக்கு மேல் போகும் இடங்கள் எந்தக் கிலோமீட்டரில் தொடங்கி எதில் முடிகின்றன என்று ஒரு சின்னத் தாளில் எழுதி ஹேண்டில் தண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டும்போது, "இன்னும் 900 மீட்டர் தூரம்தான், அப்புறம் தணியும்" என்று தெரிவது பெரிய உதவி.

முன்தகுதியும் ஒன்று உண்டு. கடந்த ஒரு மாதத்துக்குள் இந்தத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கையும், ஏற்றத்தில் பாதியையும் ஒரே நாளில் ஓட்டியிருக்க வேண்டும். குழுவில் யாருக்காவது அது இல்லையென்றால் பாதையைச் சுருக்குங்கள். "சமாளிச்சுக்கலாம்" என்பவரைத்தான் நாலு மணிக்கு எல்லோரும் நின்று தேடுவோம்.

2. நேரக் கணக்கு போடுவது

ஏற்றத்தை வேகத்தால் கணக்கிடாமல் உயரத்தால் கணக்கிடுங்கள். ஓரளவு பழகிய ஒருவர் மணிக்கு 400 முதல் 600 மீட்டர் உயரம் ஏறுவார். குழுவில் மிக மெதுவானவரின் எண்ணை எடுங்கள், சராசரியை எடுக்காதீர்கள். குழு வந்து சேரும் நேரத்தை அவர்தான் முடிவு செய்கிறார்.

நம் பாதையில் 1,800 மீட்டர் ஏற்றம், 6 சதவீதத்தில் 30 கி.மீ. நீளம். மணிக்கு 500 மீட்டர் என்றால் 3 மணி 36 நிமிடம். இறக்கம் 30 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். மீதி 50 கி.மீ. சமதளம், மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் 2 மணி 16 நிமிடம். மொத்தம் 7 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இது பெடல் சுற்றும் நேரம் மட்டும். சாப்பாடு, தண்ணீர் நிரப்புவது, உச்சியில் காத்திருப்பது, ஒரு பஞ்சர் எல்லாம் சேர்த்து இன்னும் இரண்டு மணி நேரம் போடுங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 3 மணிக்குத் திரும்பலாம்.

புதியவர்கள் இந்த இரண்டு மணி நேரத்தை மறந்துவிடுகிறார்கள். குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நீண்டதூர பிரவே பயணங்களில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் கொடுப்பார்கள். நின்று சாப்பிடும் நேரமும் அதற்குள்தான் அடக்கம். நாமும் அப்படியே பார்க்க வேண்டும்: கடிகாரம் நமக்காக நிற்காது.

மிக உயரமான கணவாயை நண்பகலுக்கு முன் தாண்டிவிடுமாறு நேரத்தை அமையுங்கள். வெயிலில் சூடான காற்று மேலெழுந்து, மலைகளின் மேல் பிற்பகலில் இடிமேகம் கூடுவது வழக்கம். திறந்த உச்சியில் மின்னலில் மாட்டிக்கொள்வதைவிட அரை மணி முன்னால் எழுந்திருப்பது மேல். இன்னொன்று: பள்ளத்தாக்கில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். பகல் பயணம்தானே என்று முன், பின் விளக்குகளை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். வழியில் சுரங்கப்பாதை இருந்தாலும் அவை வேண்டும்.

3. ஆட்களும் பொறுப்பும்

ஒரு குழுவுக்கு ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் வரிசை நீண்டு, பின்னால் வரும் வண்டிகள் முந்த வழியிருக்காது. பன்னிரண்டு பேர் இருந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள்.

இரண்டு பேருக்கு மட்டும் வேலை உண்டு. வழி தெரிந்தவர் முன்னால் போவார். இன்னொருவர் "கடைசி ஆள்": யாரும் அவருக்குப் பின்னால் இருக்கக்கூடாது. கடைசி ஆளாகக் குழுவிலேயே வலுவானவரைப் போடுங்கள். வலுவானவரை முன்னால் விடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. அவர் முன்னால் போனால் எல்லோரையும் இழுத்துக் களைக்க வைப்பார். பின்னால் இருந்தால், பழுதானவருக்கு உதவிவிட்டு மறுபடி குழுவைப் பிடிக்க அவரால்தான் முடியும்.

4. சைக்கிளைத் தயார் செய்வது

முதலில் கியர். முன்னால் 34 பல், பின்னால் மிகப்பெரிய பல்சக்கரமும் 34 என்றால், மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று; சாலை சைக்கிளில் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.5 கி.மீ. 8 சதவீத ஏற்றத்தில் அது மணிக்கு 600 மீட்டர் உயரம்; முன்பு சொன்ன கணக்கின் மேல் எல்லை. பின்னால் 28 பல் மட்டும் இருந்தால், அதே மிதி வேகத்துக்கு மணிக்கு 730 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். புதியவரால் அது முடியாது. மிதி வேகம் 45க்கு இறங்கும், முழங்கால் வலிக்கும். அதனால் கால் வலுவைப் பற்றி கவலைப்படுவதற்கு முன் பின்சக்கரத்துப் பற்களை எண்ணுங்கள்.

அடுத்தது பிரேக். ரப்பர் கட்டையில் தேய்மானக் கோடு தெரிகிறதா, டிஸ்க் பிரேக் என்றால் பேட் கனம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். சமதளத்தில் இன்னும் மூன்று மாதம் வரும் பேட், ஈரமான ஒரே நீண்ட இறக்கத்தில் தீர்ந்துவிடலாம்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தம் வரை காற்றடிக்காதீர்கள். அது எல்லை, பரிந்துரை அன்று. கல்லாக இறுகிய டயர் வளைவில் துள்ளும்.

எதை மாற்றினாலும் ஒரு வாரத்துக்கு முன் மாற்றி ஓட்டிப் பாருங்கள். முந்தின நாள் இரவு சீட் உயரத்தை மாற்றிக்கொண்டு வந்த ஒருவர் 40ஆவது கிலோமீட்டரில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று அவர் உச்சியைப் பார்க்கவில்லை.

5. யார் எதைச் சுமப்பது

ஒவ்வொருவரும் தன் சக்கர அளவுக்கான இரண்டு டியூப், டயர் கழற்றும் லிவர், பம்ப், காற்றுத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை, இரண்டு தண்ணீர்ப் புட்டி, விளக்கு, அடையாள அட்டை, கொஞ்சம் பணம் கொண்டுவர வேண்டும். டியூபை வாங்கும்போது வால்வின் நீளத்தையும் பாருங்கள். ஆழமான ரிம்முக்குக் குட்டை வால்வு வெளியே எட்டாது. இரவல் கொடுக்கவும் வாங்கவும் முடியாது.

செயின் கழற்றும் கருவி, செயின் இணைப்பு, முதலுதவிப் பொட்டலம், கிழிந்த டயருக்கு உள்ளே வைக்கும் பட்டை ஆகியவை பொதுப் பொருட்கள். இவை கடைசி ஆளிடம் இருக்கட்டும். பழுதாகி நிற்பவரை முன்னால் போனவர் திரும்பி வந்து பார்க்கப் போவதில்லை. கடைசி ஆள் எப்படியும் வந்து சேருவார்.

மேல்சட்டையை மட்டும் நண்பரின் பையில் போடாதீர்கள். ஏற்றத்தில் இருவரும் பிரிந்துவிடுவீர்கள். உச்சியில் நீங்கள் நடுங்கும்போது உங்கள் சட்டை நாலு கிலோமீட்டர் கீழே ஏறிக்கொண்டிருக்கும்.

6. கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

எல்லோரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே பேசிவிடுங்கள். உட்கார்ந்தால் அது அரை மணி ஆகிவிடும். சொல்ல வேண்டியவை: எங்கெங்கே சேர்ந்து நிற்போம், எந்தச் சந்திப்பையும் யாரும் தனியாகத் தாண்டக்கூடாது, திரும்பிப் போகிறவர் கடைசி ஆளிடம் சொல்லாமல் போகக்கூடாது. அப்புறம் சைகைகள்: பள்ளத்துக்குக் கீழே விரல் காட்டுவது, நிற்பதற்குக் கை தூக்குவது. ஊருக்கு ஊர் சைகை மாறும் என்பதால் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

பாதையை எல்லோர் தொலைபேசியிலும் இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வைக்கச் சொல்லுங்கள். மலையில் சிக்னல் போகும், குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

7. சமதளம்: ஒட்டி ஓட்டுங்கள்

மணிக்கு 25, 30 கி.மீ. வேகத்தில் பெரும்பாலான உழைப்பு காற்றைக் கிழிக்கத்தான் செலவாகிறது. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டி ஓட்டுகிறவருக்கு அதில் கால்பங்குக்கு மேல் மிச்சமாகும். மலை வருவதற்குள் கால்களைச் சேமிக்க இதுதான் வழி.

முன்சக்கரத்தை அடுத்தவர் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் நுழைய விடாதீர்கள். அவர் ஒரு கல்லைத் தவிர்க்க அரையடி விலகினாலும், விழுவது பின்னால் இருக்கும் நீங்கள்தான்.

முன்னால் போகும் முறை வந்ததும் வேகத்தைக் கூட்டுவது புதியவர்களின் தனிப் பழக்கம். இதுவரை பின்னால் காற்றில்லாமல் வந்ததால் கால் லேசாக இருக்கும். அந்தத் தெம்பில் இழுத்துவிடுவார்கள், வரிசை அறுந்துவிடும். முன்னால் வந்ததும் அதே வேகத்தைக் காப்பாற்றுங்கள்.

8. பசிக்கும் முன் சாப்பிடுங்கள்

முதல் கவளம் கிளம்பிய 40 நிமிடத்துக்குள். உடலில் இருக்கும் மாவுச்சத்துச் சேமிப்பு கடும் உழைப்பில் இரண்டு மணி நேரம் அளவுக்குத்தான் வரும். அது தீர்ந்த பிறகு சாப்பிட்டால் உடனே சரியாகாது. தலை கிறுகிறுத்து, கால் காலியாகி, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று அமைதியானால் முதலில் அவர் கையில் எதையாவது சாப்பிடக் கொடுங்கள்.

மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது நல்ல அளவு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். ஏற்றம் தொடங்கக் கால் மணிக்கு முன்பே சாப்பிட்டு முடியுங்கள். மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், வெயிலுக்கு ஏற்பக் கூட்டலாம். வெறும் தண்ணீரையே அளவு மீறிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். ஒரு புட்டியில் உப்பும் சர்க்கரையும் கலந்து வையுங்கள்.

9. ஏற்றம்: பிரிந்து போங்கள்

இங்கேதான் சமதளச் சட்டம் தலைகீழாகிறது. மணிக்கு 8, 9 கி.மீ. வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. முன்னால் போகிறவரை ஒட்டி ஓட்டுவதால் மிச்சமாவது சொற்பம். உழைப்பு முழுக்க உடல் எடையை மேலே தூக்குவதற்கே போகிறது. அதனால் அடுத்தவர் வேகத்தில் ஏறுவதில் லாபம் இல்லை, நட்டம் மட்டும் உண்டு. மெதுவானவர் தம் பிடித்துத் தொடர்ந்தால் பாதியில் சாய்வார். வேகமானவர் மெதுவாகப் போனாலும் மிதி வேகம் குறைந்து முழங்காலில் சுமை ஏறும்.

முதல் பத்து நிமிடத்தை வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். மூன்று நான்கு சொல் சேர்ந்தாற்போல் பேச முடிகிறதா என்பதுதான் சோதனை. முடியவில்லை என்றால் கியரைக் குறையுங்கள். சாய்வு கூடிய பின் கியர் மாற்றினால் செயின் சுமையில் முறுகும், சில நேரம் கழன்றும் விழும். வளைவு தெரிந்ததுமே மாற்றிவிடுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் உள்வட்டம் சட்டென்று செங்குத்தாகும். வண்டி வராதபோது, உங்கள் பக்கத்துக்குள்ளேயே முடிந்த அளவு வெளிவட்டமாகத் திரும்பினால் சாய்வு தணியும்.

எழுந்து நின்று மிதிக்கும் கணத்தில் சைக்கிள் லேசாகப் பின்வாங்கும். பின்னால் ஆள் ஒட்டி வந்தால் மோதிவிடுவார். ஒரு குரல் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.

10. உச்சி: செய்யும் வரிசைதான் முக்கியம்

மேலே வந்ததும் எல்லோரும் முதலில் தொலைபேசியை எடுப்பார்கள். வேண்டாம். முதலில் மேல்சட்டையைப் போட்டு ஜிப்பை மூடுங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வெப்பம் குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு பத்து நிமிடம் நின்றால் போதும், உடம்பு சில்லிட்டுவிடும். அப்புறம் இறக்கத்தில் காற்று அடிக்கும்போது விரல்கள் மரத்து, பிரேக்கை அழுத்தும் வலுவே இருக்காது. அந்த நிலையில் ஒருவர், இரண்டு கையாலும் ஒரே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் இறங்கியதைப் பார்த்தேன். அன்று முதல் இந்த வரிசையை நான் யாருக்கும் தளர்த்துவதில்லை.

சட்டை, சாப்பாடு, பிரேக் இரண்டையும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது, அப்புறம் படம். மேல்சட்டை கொண்டுவராதவர் ஒரு பழைய செய்தித்தாளை மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். சைக்கிள்காரர்களின் பழைய வித்தை, நன்றாகவே வேலை செய்யும்.

கடைசி ஆள் வந்ததும் உடனே கிளம்பாதீர்கள். முன்னால் வந்தவர்கள் இருபது நிமிடம் ஓய்வெடுத்திருப்பார்கள். கடைசியாக வந்தவருக்குத்தான் ஓய்வு அதிகம் தேவை. அவர் மூச்சு தணிந்து, சாப்பிட்டு, சட்டை போட்ட பிறகு தலைகளை எண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.

11. இறக்கம்: இடைவெளி விட்டு, தனித்தனியாக

ஏறும்போது செய்த தவறு களைப்பில் முடியும். இறங்கும்போது செய்யும் தவறு எங்கே முடியும் என்று சொல்ல முடியாது.

அடுத்தவரோடு குறைந்தது மூன்று நான்கு விநாடி இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள், ஈரச் சாலையில் இன்னும் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். முன்னால் போகிறவர் வேகத்தைப் பார்த்து நீங்கள் இறங்காதீர்கள். அவருக்கு அந்தச் சாலை தெரிந்திருக்கலாம்.

வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள். வளைவுக்குள் சாய்ந்திருக்கும்போது பலமாகப் பிரேக் பிடித்தால் டயரின் பிடி போய்விடும். வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதில் எடையை ஊன்றுங்கள். கண் வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். பள்ளத்தையே பார்த்தால் சைக்கிளும் பள்ளத்தை நோக்கியே போகும்.

பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்குவது எல்லாப் புதியவர்களும் செய்வது. பயத்தில் அதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் வெப்பம் ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காமல் ரிம் கொதிக்கும், டியூப் வெடிக்கலாம்; டிஸ்க் பிரேக்கும் சூடேறினால் பிடி தளரும். நேர்ச்சாலையில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து, மறுபடி விடுங்கள். கை வலித்தால் ஓரமாக நின்று இரண்டு நிமிடம் உதறிக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஈரத்தில் சாலையின் வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, விழுந்த இலை மூன்றும் வழுக்கும். சுரங்கப்பாதை வந்தால் கறுப்புக் கண்ணாடியை வாயிலுக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

வழி தவறுவதும் இறக்கத்தில்தான் அதிகம். ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் வேகத்தில் சந்திப்பைக் கவனிக்காமல் இடதுபுறப் பள்ளத்தாக்குக்குள் 7 கி.மீ. இறங்கிவிட்டார். திரும்ப 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தது. அவருக்கு ஒரு மணி நேரம், நின்ற ஏழு பேருக்கும் ஒரு மணி நேரம். சந்திப்பில் முதலில் வருகிறவர் நிற்க வேண்டும். அடுத்தவர் வந்து அவரைப் பார்த்த பிறகுதான் நகரலாம். அந்த அடுத்தவர் தனக்குப் பின்னால் வருபவருக்காக நிற்பார். கடைசி ஆள் வரும்வரை இப்படிக் கைமாறிக்கொண்டே போகும்.

12. பஞ்சர், மழை, முடியாமல் போனவர்

பஞ்சரானால் முதலில் சாலையை விட்டு வெளியே வாருங்கள், வளைவில் நிற்காதீர்கள். புது டியூபை மாட்டுவதற்கு முன் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். குத்திய முள்ளோ கம்பித் துணுக்கோ இன்னும் அங்கேயே இருக்கும். இதைத் தவறவிட்டுத்தான் ஒரே இடத்தில் இரண்டு டியூபை இழக்கிறார்கள். இரண்டு பேர் உதவினால் போதும். மற்றவர்கள் அடுத்த சந்திக்கும் இடத்துக்குப் போய் நிற்கலாம்.

இடி கேட்டால் உச்சிக்கு ஏற வேண்டாம், இருக்கும் பக்கமே இறங்குங்கள். தனித்த மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

2,500 மீட்டருக்கு மேல் போகும் பாதையில் யாருக்காவது தலைவலியோடு குமட்டல் வந்தால், அவரைக் கீழே இறக்குவது ஒன்றே மருந்து. "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகும்" என்று மேலே காத்திருக்காதீர்கள். திரும்புகிறவரைத் தனியாக அனுப்பாமல் கூட ஒருவர் போகட்டும். பாதியில் திரும்பும் வாய்ப்பு எங்கே கிடைக்கும், குறுக்கு வழி எது என்று முதல் நாளே வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

13. கடைசி 20 கிலோமீட்டர்

மலை முடிந்துவிட்டது, வீடு வரப்போகிறது என்று கவனம் தளரும் நேரம் இது. சக்கரங்கள் உரசுவது பெரும்பாலும் இங்கேதான். இடைவெளியைக் காலையில் வைத்ததைவிட இரண்டு மடங்காக்கி, முன்னால் ஓட்டுவதை வலுவானவர்கள் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். களைத்தவர் கடைசி வரை பின்னாலேயே வரட்டும். முறை வைத்து இழுக்கச் சொல்ல வேண்டாம்.

சேர்ந்ததும் மறுபடி தலைகளை எண்ணுங்கள். கடைசி ஆள் வந்து "எனக்குப் பின்னால் யாரும் இல்லை" என்று சொல்லும்வரை யாரும் சைக்கிளை வண்டியில் ஏற்ற வேண்டாம். ஒருவர் குறைந்தால், எடுத்துக்கொண்டு திரும்பிப் போக ஒரு சைக்கிளாவது தயாராக நிற்க வேண்டும்.